நாலு சக்கரத்தில் ஒரு சமையலறை

உங்கள் வீட்டுச் சமையலறைப் பாத்திரங்களை எப்போதாவது தராசில் நிறுத்துப் பார்த்ததுண்டா? "இதென்ன வேடிக்கை! பழைய பாத்திரம் வாங்குகிறவன் வந்தால் அவன் நிறுப்பான். நாம் எதற்கு நிறுக்க வேண்டும்?" என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் அமெரிக்காவில், அரிஜோனா மாகாணத்துப் பாலைவனத்தில், கரண்டியிலிருந்து கடாய் வரையில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்த பிறகே அலமாரியில் ஏற்றும் குடும்பத் தலைவிகள் இருக்கிறார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்து விடாதீர்கள். அவர்களுடைய வீட்டுக்கு அஸ்திவாரம் கிடையாது; சக்கரங்கள்தான் உண்டு. பாரம் மிஞ்சினால் டயர் வெடிக்கும். டயர் வெடித்தால் வீடு, வாசல், சமையலறை எல்லாம் சேர்ந்து சாலையோரத்துப் பள்ளத்தில் கிடக்கும்.

இப்படிப்பட்ட வண்டிகளை அவர்கள் ஆர்.வி. என்று இரண்டே எழுத்தில் சொல்கிறார்கள். நாம் வீட்டு வண்டி என்று வைத்துக் கொள்வோமே. சில வண்டிகளுக்குத் தாமாகவே ஓடும் எஞ்சின் உண்டு. சிலவற்றை வேறு காரின் பின்னால் கோத்து இழுத்துப் போக வேண்டும். ஒரு சாதாரண வானுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக் குடித்தனம் செய்கிறவர்களும் உண்டு. இத்தனை விதங்களையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில் க்வார்ட்ஸைட் என்ற ஊருக்குப் போக வேண்டும். ஜனவரி மாதம் இரண்டாம் வாரம் நான் போயிருந்தேன்.

பீனிக்ஸ் நகரிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் பத்தாம் நம்பர் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரப் பிரயாணம். இரு புறமும் வறண்ட மலை, மொட்டைப் பாறை, கையைத் தூக்கிக் கொண்டு நிற்கும் கள்ளிச் செடிகள். 2020-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி ஊரில் இருப்பவர்கள் சுமார் 2,400 பேர்தான். கோடையில் அங்கே போனால் நாம் வெயிலிலேயே அப்பளம் பொரித்து விடலாம். ஆனால் குளிர்காலம் வந்ததும் வடக்கே பனி பெய்யும் மாகாணங்களிலிருந்தும் கானடாவிலிருந்தும் வீட்டு வண்டிகள் சாரி சாரியாக வந்து இறங்குகின்றன. வந்து தங்குகிறவர்களுக்குப் 'பனிப் பறவைகள்' என்றே பெயர். நம் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருகின்றன அல்லவா, அதே கதைதான். இவை கூடு கட்டுவதில்லை. கூட்டையும் கூடவே இழுத்துக் கொண்டு வருகின்றன! ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் சர்க்கார் நிலம். பதினாலு நாள் வரை வாடகையில்லாமல் தங்க அதில் இடங்கள் உண்டு; குளிர்காலம் முழுவதும் தங்குவதற்குக் கட்டணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கும் இடங்களும் உண்டு. நான் போன சமயம், வருஷா வருஷம் ஜனவரியில் நடக்கும் வீட்டு வண்டிக் கண்காட்சிக்காகப் பெரிய கூடாரம் எழும்பிக் கொண்டிருந்தது.

ஊர்க் கல்லறையில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். கல்லால் கட்டிய ஒரு சின்னப் பிரமிடு, அதன் உச்சியில் ஓர் ஒட்டகம். அமெரிக்காவில் ஒட்டகம் ஏது என்று கேட்கிறீர்களா? 1850-களில் அந்நாட்டு ராணுவம் பாலைவனத்தில் சாமான் தூக்கப் பரீட்சார்த்தமாக ஒட்டகங்களை வரவழைத்தது. அவற்றைப் பழக்கி ஓட்ட 1856-இல் வந்தவர் ஹாஜி அலி. அந்தப் பெயர் அமெரிக்கர்கள் வாயில் நுழையாமல் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. அவர் 1902-இல் இங்கே காலமானார். 1935-இல் இந்தப் பிரமிடைக் கட்டினார்கள். பாலைவனத்தில் இன்னின்ன மிருகம் இவ்வளவுதான் சுமக்கும் என்று கணக்குப் பார்த்த முதல் ஆசாமி அவராகத்தான் இருக்க வேண்டும். இப்போது அந்தக் கணக்கை நம்மைப் போன்ற பெண்கள் பார்க்கிறார்கள்.

அது என்ன கணக்கு? அங்கே வீட்டு வண்டியின் கதவருகே ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்று சட்டம். வண்டியில் ஏற்றும் சாமான் இத்தனை ராத்தலுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் கண்டிருக்கும். நான் பார்த்த ஒரு வண்டியில் 1,200 ராத்தல் என்று போட்டிருந்தது. "அடேயப்பா! ஐந்நூற்று நாற்பது கிலோவுக்கு மேல் ஆயிற்றே! தாராளமாக இருக்கிறதே!" என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தண்ணீரும் சாமான் கணக்கில் சேர்த்தி. நாற்பது காலன் தொட்டியை நிரப்பினால் 150 லிட்டர், அதாவது 150 கிலோ போயிற்று. மீதியில் துணிமணி, படுக்கை, நாற்காலி, மளிகை, மருந்து, கணவருடைய ஸ்பானர் பெட்டி, அவர் ஆசையாய்ப் பொறுக்கி வைத்திருக்கும் கல்! (க்வார்ட்ஸைட்டில் கல் பொறுக்குவது பெரிய பொழுதுபோக்கு.) எல்லாம் போகச் சமையலறைக்கு மிஞ்சுவதைப் பிரித்துக் கொள்ள வேண்டும். தராசு ஏன் வந்தது என்று இப்போது தெரிகிறதா?

அந்த வண்டியின் சொந்தக்காரி ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அம்மாள். வயது அறுபத்தேழு. கணவர் இறந்த பிறகு, ஒஹையோ மாகாணத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டுப் பத்தொன்பது அடி நீள வண்டியே வீடாக வாழ்கிறார். பொழுதுபோக்குக்கு என்று நினைக்காதீர்கள். வீட்டு வரியும், கணப்பு எண்ணெய்ச் செலவும், கூரை ரிப்பேரும் சேர்ந்து பென்ஷனை விழுங்கிக் கொண்டிருந்தனவாம். 'நோமாட்லாண்ட்' என்ற திரைப்படம் வந்து 2021-இல் ஆஸ்கார் பரிசு வாங்கியதே, அதில் வரும் பெண்மணியைப் போல. அந்தப் படத்தில் சில காட்சிகளை இந்த ஊரிலேயே எடுத்தார்கள். அதில் கதாநாயகி ஆசையாய் வைத்திருக்கும் பீங்கான் தட்டுகள் உடைந்து போகும் இடம் ஒன்று உண்டு. "அந்தக் காட்சி வந்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்" என்றார் இந்த அம்மாள்.

காரணம் இருக்கிறது. முதல் வருஷம் அவர் புறப்பட்டபோது, கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட்டு, மூன்று இரும்பு வாணலிகள், ரொட்டி மாவு பிசையும் யந்திரம், கண்ணாடி ஜாடிகள் எல்லாவற்றையும் வண்டியின் ஒரே பக்கத்து அலமாரிகளில் அடுக்கிக் கொண்டு கிளம்பியிருக்கிறார். நியூ மெக்ஸிகோவில் நெடுஞ்சாலையில் போய்க் கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்து டயர் வெடித்தது. நல்ல வேளையாகக் கார் கட்டுக்கு அடங்கி நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் பீங்கானில் பாதி சுக்கல். "உடைந்ததற்கு அழவில்லை. என் வீட்டை விற்ற பணம் அத்தனையும் அந்த வண்டியில் இருந்தது. அது கவிழ்ந்திருந்தால் எனக்குப் போக இடமில்லை. அதை நினைத்துத்தான் அழுதேன்" என்றார்.

இன்று அவருடைய சமையலறைச் சுவரில் ஒரு வில் தராசு தொங்குகிறது. மீன் பிடிப்பவர்கள் வைத்திருப்பார்களே, கொக்கி போட்டது, அந்த மாதிரி. புதிதாக ஒன்று உள்ளே வர வேண்டுமானால் அதே எடையில் ஒன்று வெளியே போக வேண்டும். மிச்சமிருந்த பீங்கானை மருமகளுக்குக் கொடுத்து விட்டார். மூன்று வாணலியில் இரண்டைக் கொடுத்தாகிவிட்டது. ஒன்று மட்டும் இருக்கிறது. அது அவருடைய தாயார் வைத்திருந்தது, பன்னிரண்டு அங்குல வார்ப்பிரும்பு. தராசில் மாட்டிக் காட்டினார். எட்டு ராத்தல், அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல். "இதை வைத்துக் கொள்வதற்காக வேறு ஒன்பது சாமான்களை விட்டேன். அது எனக்குச் சம்மதம்" என்றார். உணர்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த வாணலியில் முட்டை, ரொட்டி, கறி எல்லாம் ஆகிறது. அடுப்பிலும் வைக்கலாம், வெளியே கரியிலும் வைக்கலாம். தேய்க்கச் சோப்புத் தண்ணீர் வேண்டாம். காகிதத்தால் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் போதும். தண்ணீரே கிடைக்காத ஊரில் இது லேசான சமாசாரமா? நம் பாட்டிமார் இரும்பு தோசைக்கல்லைத் தேய்க்கவே விட மாட்டார்களே, அது என் நினைவுக்கு வந்தது.

சமையலறை என்றேனே தவிர, அது நம் வீட்டுப் பூஜை அலமாரியை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மூன்று பர்னர் உள்ள காஸ் அடுப்பு. அதன் மேல் மூடியைக் கவிழ்த்தால் அதுவே மேஜை. ஒரு கைத் தொட்டி. அதன் மேல் சரியாகப் பொருந்தும் ஒரு பலகை, காய் நறுக்க. இடுப்பு உயரத்துக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி. அலமாரிக் கதவுகளுக்கெல்லாம் தாழ்ப்பாள். தட்டுகளின் நடுவே வழுக்காத ரப்பர் வலைத் துணி. இல்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே அலமாரிக்குள் ஜலதரங்கக் கச்சேரி ஆரம்பமாகி விடும்!

இதெல்லாம் புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். 1866-இல் டெக்ஸாஸில் மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற சார்லஸ் குட்நைட் என்பவர், ராணுவம் கழித்த ஒரு வண்டியின் பின்பக்கத்தில் அறை அறையாகப் பெட்டி கட்டினார். அதன் கதவைக் கீழே மடக்கினால் மேஜை. அமெரிக்காவில் சக்கரம் வைத்த சமையலறைக்கு அதுவே தாய். 1919-இல் புளோரிடாவில், காரிலேயே ஊர் சுற்றுகிறவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தகரடப்பா யாத்ரிகர்கள் என்று பெயர். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு சூப் டப்பாவைப் பற்ற வைத்துக் கொள்வது அவர்கள் அடையாளம். டப்பா உணவைத் திறந்து சுட வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குப் பாத்திரமே ஒன்றிரண்டு போதும் அல்லவா? சாம்பார், ரசம், பொரியல், கூட்டு என்று நாலு அடுப்புக்கு வேலை கொடுக்கும் நமக்குத்தான் சங்கடம்.

இனி, கடைக்குப் போவோம். க்வார்ட்ஸைட் சந்தையில் வீட்டு வண்டிக்கென்றே விற்கும் பாத்திரங்கள் மலை மலையாகக் கிடக்கின்றன. அதில் ஒன்றைக் கடைக்காரர் பெரிய மாயாஜாலம் போல எனக்குக் காட்டினார். ஒரு பாத்திரத்தைத் திறந்தார், உள்ளே இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. மூடிகளும் உள்ளேயே. பத்து உருப்படியும் ஒரு குடத்தின் இடத்தில் அடங்கிவிட்டன. கைப்பிடி தனியாகக் கழன்று வருகிறது. எதற்கு வேண்டுமோ அதில் மாட்டிக் கொள்ளலாம். படகுகளுக்காக முதலில் செய்தார்களாம். என் முகத்தில் ஆச்சரியம் தெரியும் என்று எதிர்பார்த்தார் பாவம். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் இதற்கு 'அடுக்கு' என்று பெயர் அல்லவா? சீர் வரிசையில் பெரிய அடுக்கு, சின்ன அடுக்கு என்று ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் கொடுக்காத தாயார் உண்டா? கழன்று வரும் கைப்பிடி என்கிறாரே, அதுவும் நம் இடுக்கிதான்! ஓர் இடுக்கி இருந்தால் வீட்டில் உள்ள பாத்திரம் அத்தனைக்கும் கைப்பிடி ஆயிற்று. கைப்பிடி இல்லாத பாத்திரமே இடத்தை மிச்சப்படுத்தும் என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஆனால் உலோகத்தைப் பொறுத்த வரையில் யோசித்துத்தான் வாங்க வேண்டும். அலுமினியம், எவர்சில்வரின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். சூடும் சீராகப் பரவும். ஆனால் புளியும் தக்காளியும் அதற்கு ஆகாது. மேலே கெட்டியான பூச்சு ஏற்றிய கறுப்பு அலுமினியமானால் பாதகமில்லை. எடை குறைய வேண்டும் என்பதற்காகத் தகடு போன்ற மெல்லிய எவர்சில்வரை வாங்கினால் அடி பிடிக்கும். அடி பிடித்தால் தேய்க்கத் தண்ணீர் செலவு. கனத்த அடி உள்ளதாக ஒன்று, லேசானதாக இரண்டு என்று வைத்துக் கொள்வதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். சாப்பாட்டுத் தட்டு விஷயத்தில் நம் எவர்சில்வரை மிஞ்ச ஒன்றும் இல்லை. உடையாது, கறை பிடியாது, பத்துத் தட்டை அடுக்கினாலும் ஒரு சாண் உயரம் இராது.

மடக்கி வைக்கும் ஸிலிகோன் சாமான்கள் இப்போது ஒரே மோகமாயிருக்கின்றன. வடிகட்டி, வாளி, பேசின், கெட்டில்கூட அமுக்கினால் தட்டு மாதிரி ஆகிவிடுகின்றன. காய் கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் பேசின் ஒன்று வாங்கலாம், பணத்துக்கு மோசமில்லை. ஆனால் அதில் சாம்பாரை ஊற்றி வைத்துவிடாதீர்கள். மஞ்சளையும் பெருங்காயத்தையும் அது விட்டுக் கொடுக்கவே கொடுக்காது. அப்புறம் அதில் கோசுமல்லி பிசைந்தாலும் நேற்றைய சாம்பார்தான் மணக்கும்.

மின்சாரம்? அதில்தான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். ஊரில் வாங்கிய மிக்ஸி 230 வோல்ட்டில் ஓடுவது. அங்கே 120 வோல்ட். அதைத் தூக்கிக் கொண்டு போய்ப் பிரயோஜனமில்லை. அந்த வோல்ட்டுக்கென்றே செய்த நம் மிக்ஸிகள் அங்கே கிடைக்கின்றன. பாலைவனத்தில் கம்பம் ஏது, மின்சாரம் ஏது? பாட்டரியும் வண்டிக் கூரையில் உள்ள சூரியப் பலகையும்தான். நூறு ஆம்பியர்-மணி உள்ள 12 வோல்ட் பாட்டரியில் 1,200 வாட்-மணிச் சக்தி இருக்கிறது. 1,800 வாட் இண்டக்ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் நாற்பது நிமிஷத்தில் பாட்டரி தீர்ந்தது; பழைய ஈய பாட்டரியானால் பாதிக்கு மேல் இறக்கவே கூடாது. ஆனால் 750 வாட் மிக்ஸியில் ஒரு நிமிஷம் சட்னி அரைத்தால் செலவு பன்னிரண்டு, பதின்மூன்று வாட்-மணிதான். அதாவது, சுழல்வது எவ்வளவு சத்தம் போட்டாலும் பயப்பட வேண்டாம். சத்தம் போடாமல் சூடாக்குகிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும். அடுப்பு வேலை காஸுக்கு, அரைக்கும் வேலை மின்சாரத்துக்கு என்று பிரித்துக் கொண்டால் சரியாகப் போகும். மாவரைக்கும் கிரைண்டரா? மேஜை மேல் வைக்கும் சின்னதே நல்ல கனம். மாவை வீட்டிலேயே அரைத்துக் கொண்டு கிளம்புங்கள்.

காப்பி விஷயம் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். அந்தக் கடையில் வீட்டு வண்டிக்கென்று ஏழெட்டு விதமான காப்பி யந்திரங்கள் இருந்தன. மின்சாரம் வேண்டாம், காகிதம் வேண்டாம், இரண்டு துண்டாய்ப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று வைக்கலாம் என்று எல்லாப் பொருத்தமும் உள்ளது ஒன்று அங்கே இல்லை. அது நம் கும்பகோணம் பில்டர்.

கும்பகோணம் என்றதும் அடுத்த கட்டத்துக்கு வருகிறேன். அங்கிருந்து வடக்கே கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்குக்குப் போனேன். சூரியன் அஸ்தமிக்கும்போது அந்தப் பாறைகள் எடுக்கும் வர்ணங்களைப் பற்றி எழுதுவதானால் தனிக் கட்டுரை வேண்டும்; எழுதி முடியவும் முடியாது. தென் விளிம்பில் வீட்டு வண்டிகள் நிறுத்தும் இடத்தில், பனிக் குவியல்களுக்கு நடுவே, தாளித்த வாசனை வந்தது. விசாரிக்க வேண்டுமா? பீனிக்ஸ் பக்கத்தில் வேலையாயிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். பொங்கலுக்கு அடுத்து வந்த நீண்ட விடுமுறையில் வாடகை வண்டி எடுத்துக் கொண்டு வந்திருந்தார்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமியார். அன்று வேலை நாளாய்ப் போனதால், பொங்கலை இங்கே கொண்டாடுவதாக ஏற்பாடு.

உள்ளே ஒரு சின்ன மகாபாரதம் நடந்து கொண்டிருந்தது. மாமியார் ஊரிலிருந்து வெண்கலப் பானை ஒன்றை விமானத்திலேயே கொண்டு வந்திருக்கிறார். நாலு கிலோ. மருமகள் எஞ்சினீயர், சாமான் ஏற்றும்போது பட்டியல் போட்டு, "அத்தை, பானை மட்டும் வேண்டாம். வண்டியில் இடமும் இல்லை, எடையும் ஜாஸ்தி. குக்கர் எடுத்தாயிற்று" என்று சொல்லியிருக்கிறாள். அத்தை ஒன்றும் பேசவில்லை. தம் புடவைப் பெட்டிக்குள், புடவைகளை அகற்றிவிட்டுப் பானையை வைத்துக் கொண்டு வந்துவிட்டார்! அந்தக் குளிரில் மாற்றுப் புடவை இரண்டே இரண்டு.

"நாற்பது வருஷமா இந்தப் பானையிலேதாம்மா பொங்கல் வெச்சிருக்கேன். உங்க மாமா போனப்புறமும் விடலை. விசில் அடிக்கிற சட்டியிலே வெச்சா அது பொங்கலா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். மருமகளோ வாய் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருந்தாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து விழித்தேன்.

பானை அடுப்பில் ஏறியது. சீக்கிரமே நுரைத்துக் கொண்டு பொங்கியும் விட்டது. குழந்தைகள் "பொங்கலோ பொங்கல்!" என்று கூவின. அத்தையின் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. எடுத்து நசுக்கிப் பார்த்தால் அரிசி நடுவில் விறைப்பாகவே இருந்தது. பொங்கல் பொங்கிவிட்டது, ஆனால் வேகவில்லை!

அத்தை கலங்கிப் போனார். அபசகுனம் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணில் நீர் வந்துவிட்டது. மருமகள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பானை மேலே தப்பில்லை அத்தை. இந்த இடம் ஏழாயிரம் அடி உயரம். ஆயிரம் அடி ஏறினால் தண்ணீர் கொதிக்கிற சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறைந்துவிடும். ஊரில் நூறு டிகிரியில் கொதிக்கும். இங்கே தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடும். அதனாலேதான் சீக்கிரம் பொங்கியது. அதனாலேதான் வேகவில்லை" என்று விளக்கினாள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குடியிருக்கும் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. அவர்கள் வீட்டுத் துவரம் பருப்பைக் கேட்டால் சொல்லும். மூடிய குக்கருக்குள் நீராவி அழுத்தம் சேர்ந்து சூடு நூறைத் தாண்டிப் போவதால் மலையிலும் பருப்பு வெந்துவிடுகிறது. வீட்டு வண்டியில் ஒரே ஒரு பாத்திரத்துக்குத்தான் இடம் என்றால், மூன்று லிட்டர் குக்கரைத்தான் நான் எடுப்பேன். காஸ் மிச்சம், நேரம் மிச்சம், தளும்பிக் கொட்டாது; மூடியை எடுத்துவிட்டால் அதுவே சாதாரணப் பாத்திரம்.

அத்தை சற்று நேரம் யோசித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக் கொண்டு, "சரி, பொங்கறதுக்கு என் பானை. வேகறதுக்கு உன் குக்கர். மாத்து" என்றார். பானையில் பொங்கியதைக் குக்கருக்கு மாற்றினார்கள். நாலு விசில். நெய்யும் முந்திரியும் விழுந்த பிறகு அந்தப் பொங்கலை எந்தப் பாத்திரத்தில் வைத்தார்கள் என்று யார் கேட்கப் போகிறார்கள்? நானும் ஒரு தட்டு சாப்பிட்டேன். இரண்டாவது தட்டையும் மறுக்கவில்லை.

அன்று மருமகள் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். வெளியே உறைபனி. குழந்தைகளுக்குக் குளிர்கிறதே என்று அத்தை, சமையல் முடிந்தும் அடுப்பை அணைக்காமல், அடுப்புக்கு மேலே திறந்திருந்த காற்று வழியையும் சாத்தினார். மருமகள் ஓடி வந்து இரண்டையும் மாற்றினாள். சின்ன அறைக்குள் காற்றோட்டம் இல்லாமல் காஸ் எரிந்தால் கார்பன் மானாக்ஸைடு என்ற விஷ வாயு சேரும். வாசனையும் இராது, நிறமும் இராது. தூங்கிக் கொண்டே போய்விடுவார்கள். அதனால்தான் வீட்டு வண்டிகளில் அதைக் கண்டு அலறும் மணி ஒன்று வைத்திருக்கிறார்கள். பாத்திரம் வாங்குமுன் அந்த மணி வேலை செய்கிறதா என்று ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். அடுப்பு சமைப்பதற்கு மட்டும், குளிர் காய்வதற்கல்ல. வண்டி ஓடும்போது அடுப்பே எரியக் கூடாது. சிலிண்டரையும் மூடிவிட வேண்டும்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு அடுப்பே மூட்டவில்லை. அத்தை ஊரிலிருந்து கொண்டு வந்த புளிக்காய்ச்சல் இருந்தது. சாதத்தில் கலந்து எவர்சில்வர் டிபன் காரியரில் அடுக்கி, பள்ளத்தாக்கின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கட்டுச்சாத விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக் கம்பெனிக்காரர்கள் தனிக் கட்டணம் வாங்கிக் கொண்டு கொடுத்த பாத்திரப் பெட்டியில் முள் கரண்டிகளும் முட்டை பொரிக்கும் தட்டும்தான் அதிகம். பெட்டி பிரிக்கப்படாமலே திரும்பிப் போயிற்று. வாடகைக்கு எடுப்பவர்கள் நம் சமையலுக்கு வேண்டிய ஏழெட்டுச் சாமானை வீட்டிலிருந்தே எடுத்துப் போவது மேல்.

புறப்படும்போது அத்தை என்னை ஒரு சந்தேகம் கேட்டார். அடுத்த மாதம் ஊருக்குத் திரும்புகிறார். விமானத்தில் ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோதான், பானையே நாலு கிலோ, என்ன செய்யலாம்? நான் வாயைத் திறப்பதற்குள் மருமகளே பதில் சொன்னாள். "பானையைக் கையிலே எடுத்துண்டு போங்கோ அத்தை. உள்ளே காலியாத்தானே இருக்கு? ஊருக்குக் கேட்ட பாதாம் பருப்பு ரெண்டு கிலோ அதுக்குள்ளேயே போட்டுடலாம்."

அத்தை பானைக்குள் கையை விட்டு அளந்து பார்த்தார். "மூணு கிலோ பிடிக்கும்" என்றார்.